மது, போதை பற்றி வளரிளம் பிள்ளைகளிடம் பேசுவது எப்படி: பள்ளிக்கும் ஊருக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

கோயில் கொடைத் திருவிழா முடிந்த மறுநாள் எங்கள் பள்ளியில் பாதிப் பிள்ளைகள்தான் வருவார்கள். அப்படியொரு நாளில் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் கடைசி பெஞ்சில் தலையைக் கவிழ்த்துப் படுத்திருந்தான். காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். பக்கத்தில் இருந்தவன் சொன்னான்: "காய்ச்சல் இல்ல டீச்சர். நேத்து இவன் மாமா ஊத்திக் குடுத்துட்டாரு." படுத்திருந்தவன் சட்டென்று நிமிர்ந்து, "பீர்தான் டீச்சர், சரக்கு இல்ல" என்றான். அதற்கு முந்தைய மாதம், ஜூன் 26 போதை ஒழிப்பு தினப் பேரணியில் முன்வரிசையில் தட்டி பிடித்துக்கொண்டு போனவன் அவன்.

அவன் சமாளிக்கவில்லை. பீர் மதுவில் சேர்த்தி இல்லை என்று உண்மையாகவே நம்பினான். பேரணியில் நாங்கள் மண்டையோட்டுப் படம் காட்டினோம், உறுதிமொழி வாங்கினோம். பீர் பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் அவனிடம் சொல்லவில்லை. மாமா நீட்டும்போது எப்படி மறுப்பது என்றும் சொல்லித்தரவில்லை.

கணக்கு ஆசிரியையான நான் அதற்குப் பிறகு வந்த ஆண்டுகளில் செய்து பார்த்து, தவறு செய்து, திருத்திக்கொண்டவைதான் இங்கே இருப்பவை. ஆசிரியர்கள், பெற்றோர்கள், ஊர் இளைஞர் மன்றத்தினர் யார் வேண்டுமானாலும் எடுத்துச் செய்யலாம். ஒரே நாளில் முடிகிற வேலை இல்லை. ஜூனில் தொடங்கி ஏப்ரல் வரை ஒரு கல்வியாண்டு முழுக்கப் போகும்.

படி 1: உங்கள் ஊரில் என்ன புழங்குகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஹெராயின், கொக்கெய்ன் படங்களை ஒட்டிவிட்டு வந்தால் பிள்ளைகள் அதை வேறு யாருக்கோ உள்ள பிரச்சினை என்று கடந்துபோவார்கள். தமிழ்நாட்டின் சிற்றூர்களில் பள்ளிப் பிள்ளைகள் கைக்கு எட்டுபவை வேறு: உதட்டுக்குள் வைத்துக்கொள்ளும் புகையிலைப் பொட்டலம் (பையன்கள் "கூல் லிப்" என்பார்கள்), ஹான்ஸ் என்ற மெல்லும் புகையிலை, பீடி, சிகரெட், பீர், கஞ்சா, ஒயிட்னர், பஞ்சர் ஒட்டும் பசை, சீட்டில்லாமல் வாங்கப்படும் வலி மாத்திரைகள்.

பசை, ஒயிட்னர் போன்ற முகரும் பொருள்களைப் பெரியவர்கள் கண்டுகொள்வதே இல்லை. எய்ம்ஸ் மருத்துவமனையின் போதை சிகிச்சை மையம் நாடு முழுக்க எடுத்து 2019இல் வெளியிட்ட கணக்கெடுப்பில், பெரியவர்களைவிடப் பிள்ளைகளிடம் அதிகம் காணப்பட்ட ஒரே வகை இதுதான். 10 முதல் 17 வயதுவரை 1.17 சதவீதம், பெரியவர்களில் 0.58 சதவீதம். மற்றவற்றில் பெரும்பாலும் பெரியவர்கள்தான் முன்னால். ஒயிட்னர் ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கிறது, விலை குறைவு, பென்சில் டப்பாவில் இருந்தால் யாரும் கேட்கமாட்டார்கள்.

எப்படித் தெரிந்துகொள்வது? பிள்ளைகளை விசாரிக்காதீர்கள். ஒருவனைக் காட்டிக்கொடுக்கச் சொன்னால் அன்றோடு வகுப்பு முழுவதும் வாயை மூடிக்கொள்ளும். காலையில் வளாகம் கூட்டுகிற அக்காவிடம் கேளுங்கள். எங்கள் பள்ளியில் கழிப்பறைக்குப் பின்னால், ஜன்னல் விளிம்பில் காய்ந்து கிடந்த வெள்ளைப் பொட்டலங்களை முதலில் என் கையில் வைத்தவர் அவர்தான். "இது டீத்தூள் பை இல்ல டீச்சர், தெனமும் பத்துப் பன்னெண்டு பெறக்குறேன்" என்றார். மாதக்கணக்காக அதன் பக்கத்தில் நடந்துபோயிருக்கிறேன்.

இதோடு ஒரு பெட்டி வையுங்கள். பூட்டுப் போட்ட பழைய தகரப் பெட்டி போதும். கண்காணிப்புக் கேமரா இல்லாத இடமாக இருக்கட்டும். எல்லாருக்கும் ஒரே அளவுத் துண்டுச் சீட்டு கொடுத்து, பெயர் எழுதாமல் இரண்டு கேள்விக்கு எண்ணால் மட்டும் பதில் கேளுங்கள். போன மாதத்தில் நீ எத்தனை நாள் மது, புகையிலை ஏதாவது பயன்படுத்தினாய்? உன் வகுப்பில் பத்துப் பேரில் எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று நினைக்கிறாய்? முதல் கேள்விக்கு ஒரு நாளாவது என்று எழுதியவர்கள் பத்துக்கு எத்தனை பேர் என்று எண்ணுங்கள்; இரண்டாவது கேள்வியில் பிள்ளைகள் ஊகிக்கும் எண் பெரும்பாலும் அதைவிடக் கூடுதலாக இருக்கும். "எல்லாரும் செய்றாங்க" என்ற நினைப்புத்தான் பாதிப் பிள்ளைகளைத் தள்ளிவிடுகிறது. செய்யாதவர்களே அதிகம் என்று உங்கள் சீட்டுகளே காட்டினால் அதை வகுப்பில் சொல்லுங்கள். நேர்மாறாக வந்தால் சொல்லவேண்டாம், தலைமையாசிரியரோடு மட்டும் பேசுங்கள். கையெழுத்தைப் பார்த்து ஆளைக் கண்டுபிடிக்கிற வேலையை எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள்.

படி 2: சில பழைய பழக்கங்களை நிறுத்துங்கள்

இதைச் சொன்னால் சிலருக்கு வருத்தம் வரும். ஆனாலும் சொல்லியாக வேண்டும். அழுகிய நுரையீரல் படம், போதைப் பொருள் மாதிரிகளின் கண்காட்சி, ஆண்டுக்கொரு முறை சீருடையில் வரும் அதிகாரியின் உரை ஆகியவற்றால் பெரிய பயன் இல்லை. அமெரிக்காவில் 1983இல் லாஸ் ஏஞ்சலிஸில் காவலர்களை வகுப்புக்கு அனுப்பித் தொடங்கிய 'டேர்' திட்டம் நாடெங்கும் பரவியது. பின்னால் பல ஆய்வுகள் அளந்து பார்த்தபோது, அதில் படித்த பிள்ளைகளுக்கும் படிக்காத பிள்ளைகளுக்கும் போதைப் பழக்கத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. ஐ.நா. போதைப்பொருள் மற்றும் குற்றத்தடுப்பு அலுவலகமும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து வெளியிட்ட தடுப்பு வழிமுறைகளும், வெறும் தகவலும் அச்சமூட்டலும் போதாது என்றுதான் சொல்கின்றன.

காரணம் புரியாததல்ல. கஞ்சா புகைத்தால் மறுநாளே பைத்தியம் பிடிக்கும் என்று நீங்கள் சொல்கிறீர்கள். அவனுக்குத் தெரிந்த அண்ணன் புகைத்துவிட்டு மறுநாள் நன்றாகத்தான் திரிகிறான். அந்த நிமிடமே உங்கள் மற்ற வார்த்தைகளும் பொய்யாகிவிடுகின்றன. குடியிலிருந்து மீண்டவரை மேடையேற்றி அழவைப்பதிலும் எனக்குத் தயக்கம் உண்டு. "அவர் குடிச்சாரு, இப்ப நல்லாத்தானே இருக்காரு" என்று ஒரு பையன் கேட்டான். அந்த மனிதர் பெரியவர்களிடம் பேசட்டும், அப்பாக்கள் கூட்டத்தில் பேசட்டும். அங்கே அவர் சொல்லுக்கு மதிப்பு அதிகம்.

எதை எப்படிப் பயன்படுத்துவார்கள் என்ற செய்முறையை ஒருபோதும் விளக்காதீர்கள். தெரியாதவனுக்கு நாமே வழி காட்டியதாகிவிடும்.

படி 3: உண்மையைக் கணக்காகக் கொடுங்கள்

நான் கரும்பலகையில் போடும் கணக்கு இது. ஒன்பதாம் வகுப்புச் சதவீதப் பாடத்தில் அப்படியே பொருந்தும்.

ஒரு பெரிய பீர் பாட்டில் 650 மில்லி. 5 சதவீத பீர் என்றால் உள்ளே இருக்கும் சுத்தமான ஆல்கஹால் 32.5 மில்லி. பிராந்தி 42.8 சதவீதம், 60 மில்லி, அதாவது ஒரு லார்ஜில், 25.7 மில்லி. ஆக ஒரு பாட்டில் பீர் ஒரு லார்ஜ் பிராந்தியைவிடக் கூடுதல். 8 சதவீத ஸ்ட்ராங் பீர் என்றால் 52 மில்லி, இரண்டு லார்ஜுக்குச் சமம்.

இதை நான் முடிக்க விடுவதில்லை. கடைசி வரியைப் பிள்ளைகளே போடவேண்டும். கொடைக்கு மறுநாள் படுத்திருந்த அந்தப் பையன் 52ஐயும் 51.4ஐயும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டு வெகுநேரம் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "அப்ப மாமா என்கிட்ட பொய்யா சொன்னாரு?" என்று கேட்டான். மாமாவுக்கும் தெரிந்திருக்காது என்றேன். அதுதான் உண்மையாகவும் இருக்கும்.

மூளையைப் பற்றி ஒரே ஒரு விஷயம் போதும். திட்டமிடுவதையும் ஆசையை அடக்குவதையும் பார்த்துக்கொள்கிற மூளையின் முன்பகுதி ஏறக்குறைய 25 வயதுவரை வளர்ந்துகொண்டிருக்கிறது. இன்பத்தைத் தேடும் பகுதியோ முன்னதாகவே விழித்துக்கொள்கிறது. அதனால் 14 வயதில் தொடங்கும் பழக்கம் 24இல் தொடங்குவதைப்போல அல்ல. அமெரிக்காவில் 1990களில் நடந்த பெரிய ஆய்வொன்றில், 15 வயதுக்கு முன்பே குடிக்கத் தொடங்கியவர்களில் 40 சதவீதத்துக்கு மேல் பிற்காலத்தில் மதுவுக்கு அடிமையானார்கள். 20 வயதுக்குப் பிறகு தொடங்கியவர்களில் அது சுமார் 10 சதவீதம். "குடிக்கவே குடிக்காதே" என்று ஆயுள் முழுமைக்கும் சத்தியம் கேட்பதைவிட, "இப்போது வேண்டாம்" என்பதற்கு இந்தக் கணக்கு வலுவான காரணம் தருகிறது. தமிழ்நாட்டில் மது வாங்கச் சட்டப்படியான வயது 21 என்பதையும் இதோடு சேர்த்துச் சொல்லலாம்.

முகரும் பொருள்கள் பற்றிப் பேசும்போது எதையும் மிகைப்படுத்தத் தேவையில்லை. அவை இதயத்துடிப்பைத் தாறுமாறாக்கி, முதல் முறையிலேயே உயிரை எடுக்கக்கூடியவை. ஆசிரியர்களும் பெற்றோரும் இன்னொன்றும் தெரிந்திருக்கவேண்டும். முகர்ந்துகொண்டிருக்கும் பிள்ளையைக் கண்டால் கத்தாதீர்கள், துரத்தாதீர்கள். திடீர் அதிர்ச்சியும் ஓட்டமும் அந்த நேரத்தில் இதயத்தை நிறுத்திவிடலாம். மெதுவாகப் போய், காற்றோட்டமான இடத்தில் உட்காரவைத்து, அமைதியாக இருங்கள்.

மாத்திரைகளுக்கு ஒரு வரி: மருத்துவர் எழுதியது, எழுதியவருக்கு, எழுதிய அளவு. இந்த மூன்றில் ஒன்று பிசகினாலும் அது மருந்து இல்லை. கள்ளச்சாராயம் பற்றிக் கேட்டால் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டவர்கள் இறந்ததைச் சொல்லுங்கள். மெத்தனால் கண்பார்வையைப் பறித்து உயிரைக் கொல்லும். குடித்தபின் கண் மங்கினால் ஒரு நிமிடமும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போகவேண்டும் என்பதைப் பெரியவர்களுக்கும் சேர்த்தே சொல்லுங்கள்.

படி 4: மறுக்கப் பழக்குங்கள்

மொத்த வழிகாட்டியில் அதிக நேரம் எடுக்கவேண்டிய படி இது. "வேண்டாம்" என்பது வாயில் வருவதற்கு ஒத்திகை வேண்டும். வகுப்பில் இரண்டிரண்டு பேராக நடித்துப் பார்க்கச் சொல்லுங்கள், பாட்டிலோ பொட்டலமோ கையில் இல்லாமல். வசனத்தை அவர்களே எழுதட்டும். எங்கள் பிள்ளைகள் எழுதியது:

"ஏல, ஒரு மடக்குதாம்ல. ஒண்ணும் செய்யாது."
"வேண்டாம்ல, எனக்குச் சேராது."
"பொம்பளப் புள்ளயால நீ?"
"என்னவேணா சொல்லிக்கோ. நாளைக்கு மேட்ச் இருக்கு, வாரியா இல்லியா?"

கடைசி வரியைக் கவனியுங்கள். மறுத்துவிட்டுப் பேச்சை வேறு பக்கம் திருப்புகிறான், நட்பையும் விடவில்லை. பிள்ளைகள் பயப்படுவது நண்பன் போய்விடுவானோ என்றுதான். அதனால் மறுப்போடு ஒரு அழைப்பும் சேர்ந்திருக்கவேண்டும்: டீ குடிக்க வா, கிரவுண்டுக்கு வா, வண்டியில் ஒரு சுற்றுப் போகலாம்.

நண்பனைவிடக் கஷ்டம் உறவினர். மாமாவும் சித்தப்பாவும் நீட்டும்போது மறுத்தால் மரியாதைக் குறைவாகிவிடும் என்று பிள்ளைகள் தவிக்கிறார்கள். "அம்மாட்ட சத்தியம் பண்ணிருக்கேன் மாமா" என்பது எங்கள் ஊரில் எடுபடும் பதில். "மாத்திரை சாப்பிடுறேன்" என்பதும் எடுபடுகிறது. தப்பிக்கச் சொல்லும் இந்தச் சின்னப் பொய்யை நான் தடுப்பதில்லை.

பெண் பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு இந்த வகுப்பை நடத்தாதீர்கள். அவர்களில் பலர் போதையின் பாதிப்பை வீட்டில் தினமும் பார்ப்பவர்கள். அப்பா குடிப்பது தன் மதிப்பெண்ணாலோ தன் பேச்சாலோ என்று நினைத்துக்கொண்டிருந்த ஒரு பிள்ளையை எனக்குத் தெரியும். "அது உன் தப்பு இல்ல. உன்னால நிறுத்தவும் முடியாது, நீ உண்டாக்கினதும் இல்ல" என்ற சொற்களை வகுப்பு முழுவதும் கேட்கும்படி ஒருமுறையாவது சொல்லுங்கள். யாருக்காகச் சொன்னீர்கள் என்பது தெரியவேண்டியதில்லை.

படி 5: வீட்டாரைக் கூட்டுங்கள்

பள்ளியில் மாலை நான்கு மணிக்குப் பெற்றோர் கூட்டம் வைத்தால் யாரும் வரமாட்டார்கள். எங்கள் பக்கம் அம்மாக்கள் பீடி சுற்றுகிறார்கள், கட்டு ஒப்படைத்தபிறகுதான் ஓய்வு. அதனால் தெருவிலேயே, ஏழு மணிக்கு மேல், பத்துப் பன்னிரண்டு பேராகச் சந்திக்கிறோம். புகையிலைத் தூள் மடியில் கிடக்கும்போது புகையிலையைப் பற்றிப் பேசுவது அவர்களைக் குற்றவாளி ஆக்குவதுபோல் ஆகிவிடக்கூடாது. அவர்கள் பிழைப்பை மதித்துத்தான் பேச்சைத் தொடங்கவேண்டும். அப்பாக்களை டீக்கடையில்தான் பிடிக்கமுடியும்.

வீட்டாரிடம் நான் கேட்பது மூன்றே விஷயம். விசேஷ வீட்டில் பிள்ளைக்கு ஊற்றிக்கொடுக்காதீர்கள், விளையாட்டுக்குக்கூட. மகனைக் கடைக்கு அனுப்பி பீடி, சிகரெட் வாங்கிவரச் சொல்லாதீர்கள். இரவில் எங்கே போகிறான், யாரோடு போகிறான் என்று அதட்டாமல் தினமும் கேளுங்கள்.

முதலாவதைச் சிரித்துக்கொண்டே தள்ளுபவர்களுக்குச் சட்டத்தைச் சொல்லவேண்டியிருக்கிறது. சிறார் நீதிச் சட்டம் 2015இன் 77ஆவது பிரிவுப்படி, 18 வயதுக்கு உட்பட்டவருக்கு மதுவோ புகையிலையோ போதைப்பொருளோ கொடுத்தால் ஏழு ஆண்டுவரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதமும் உண்டு. மாமா என்பதால் விலக்கு இல்லை.

கண் சிவப்பது, சட்டைக் கையில் பசை வாடை, பணம் காணாமல் போவது, பழைய நண்பர்களைத் திடீரென்று விடுவது, தூக்கம் மாறுவது போன்ற அறிகுறிகளையும் சொல்லுங்கள். ஆனால் இவற்றில் ஒன்று தெரிந்ததுமே முடிவுக்கு வந்துவிடவேண்டாம். காதல் தோல்வியும் பரீட்சைப் பயமும் வீட்டுச் சண்டையும் இதே முகத்தோடுதான் வரும்.

படி 6: கடைகள்

புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2003, பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள், அதாவது சுமார் 91 மீட்டருக்குள், புகையிலை விற்பதைத் தடைசெய்கிறது. குட்கா, புகையிலை கலந்த பான் மசாலா தமிழ்நாட்டில் 2013 முதலே தடையில் இருக்கின்றன. பள்ளி மேலாண்மைக் குழுவிலிருந்து இரண்டு மூன்று பெற்றோர் நேரில் போய்க் கடைக்காரரிடம் ஒருமுறை மரியாதையாகப் பேசுங்கள். பெரும்பாலும் அதிலேயே முடியும், ஏனென்றால் அவர் பிள்ளையும் அதே பள்ளியில் படிக்கும். முடியாவிட்டால் காவல்துறையிலும் உணவுப் பாதுகாப்பு அலுவலரிடமும் எழுத்தில் புகார் கொடுங்கள். கஞ்சா, கள்ளச்சாராயத் தகவலுக்கு மாநிலத்தில் 10581 என்ற எண் இருக்கிறது. மாணவர்களை உளவு பார்க்க அனுப்பாதீர்கள். விற்பவர்கள் பிள்ளையை அடையாளம் கண்டுகொண்டால் நம்மால் காப்பாற்ற முடியாது.

படி 7: ஒரு பிள்ளை பிடிபட்டால்

முதல் பத்து நிமிடம் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. பிரார்த்தனைக் கூட்டத்தில் நிறுத்தி அடித்து, டி.சி. கொடுத்து அனுப்பினால் அவனுக்கு மிஞ்சுவது அந்தப் பொட்டலத்தைக் கொடுத்தவன் மட்டும்தான். அதனால் முதலில் உடல்நிலையைப் பாருங்கள். நினைவு தப்பியிருந்தால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், தனியே விடாதீர்கள், எலுமிச்சைச் சாறு, காபி எதையும் வாயில் ஊற்றாதீர்கள், வாந்தி எடுக்கவைக்க முயலாதீர்கள், 108ஐ அழையுங்கள்.

உடல் சரியாக இருந்தால் ஒரே ஒரு ஆசிரியர், தனியறையில், கதவைத் திறந்துவைத்துப் பேசட்டும். "யார் குடுத்தா?" என்று தொடங்காதீர்கள். "எப்போலருந்து?", "எதுக்காக எடுக்கணும்னு தோணுது?" என்று கேளுங்கள். ஒருவன் என்னிடம் சொன்ன காரணம்: "ராத்திரி சண்டை கேக்காது டீச்சர்." இந்தப் பதிலுக்குப் பிறகு எந்தத் தண்டனையைக் கொடுப்பது?

அடுத்து பெற்றோர். அடிக்கமாட்டேன் என்று அவர்களிடம் வாக்கு வாங்கிக்கொண்டுதான் விஷயத்தைச் சொல்கிறேன். சட்டம் பற்றிய பயமும் அவர்களுக்கு இருக்கும். 18 வயதுக்கு உட்பட்டவர் விஷயம் இளைஞர் நீதிக் குழுமத்துக்குத்தான் போகும். சிறிய அளவு வைத்திருந்ததாகப் பிடிபட்டு, தாமாகச் சிகிச்சைக்கு வரும் அடிமைப்பட்டவருக்கு வழக்கிலிருந்து விலக்குத் தரவும் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் 1985இலேயே இடம் இருக்கிறது, 64ஏ பிரிவில். இதைக் கேட்டபிறகு பலருக்கு மருத்துவரிடம் வரத் தைரியம் வருகிறது.

சிகிச்சைக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவு போதும், செலவும் இல்லை. சென்னைக்காரர்களுக்குக் கீழ்ப்பாக்கம் இருக்கிறது. சுவரொட்டியைப் பார்த்துத் தனியார் மறுவாழ்வு இல்லம் எதிலும் பிள்ளையைத் தள்ளிவிட்டு வராதீர்கள். மாநில மனநல ஆணையத்தில் பதிவு உண்டா என்று கேளுங்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இன்படி 18க்கு உட்பட்டவர்களைப் பெரியவர்களிலிருந்து பிரித்துத்தான் வைக்கவேண்டும், பாதுகாவலர் உடன் தங்கவேண்டும். "ஒரு மாசத்துக்கு யாரும் பாக்க வரக்கூடாது" என்று சொல்லும் இடத்திலிருந்து அப்போதே திரும்பிவிடுங்கள்.

மீண்டவன் மறுபடி விழக்கூடும், ஒருமுறையாவது. அது நடக்கும்போது நீங்கள் கைவிட்டுவிடாமல் இருப்பதற்குத்தான் முன்கூட்டியே சொல்கிறேன்.

படி 8: மாலை நேரத்துக்கு ஒரு வழி செய்யுங்கள்

ஐஸ்லாந்தில் 1998இல் 15, 16 வயதுப் பிள்ளைகளில் 42 சதவீதம் பேர் முந்தைய மாதத்தில் ஒருமுறையாவது போதையேறக் குடித்திருந்தார்கள். 2016இல் அது 5 சதவீதம். அவர்கள் செய்தது மேடைப் பேச்சு அல்ல. விளையாட்டு, இசை வகுப்புகளுக்கு உதவித்தொகை கொடுத்தார்கள், பெற்றோரை ஒன்றுசேர்த்தார்கள், பிள்ளைகள் இரவில் வெளியே சுற்றும் நேரத்தைக் கட்டுப்படுத்தினார்கள், ஆண்டுதோறும் கேட்டு அளந்தார்கள். அவ்வளவு பணம் நம்மிடம் இல்லை. ஆனால் ஐந்து மணிக்குப் பள்ளி மைதானத்தின் கதவைப் பூட்டாமல் வைத்திருக்கப் பணம் வேண்டாம். ஒரு கைப்பந்து வலை, ஒரு விளக்கு, பொறுப்பெடுக்க ஒரு முன்னாள் மாணவர் கிடைத்தால் போதும். எங்களுக்கு வலை கிடைக்க ஒரு வருடம் ஆனது, விளக்குக்கு இன்னொரு வருடம்.

படி 1இல் வைத்த பெட்டியை எடுத்துவிடாதீர்கள், பிள்ளைகள் சொல்ல நினைப்பதைப் பெயரில்லாமல் எழுதிப் போட ஆண்டு முழுக்க அங்கேயே இருக்கட்டும். அதன் மேல் நான்கு எண்களைப் பெரிதாக ஒட்டுங்கள்: குழந்தைகளுக்கு 1098, போதை மீட்பு ஆலோசனைக்கு 14446, மனநல ஆலோசனைக்கு 14416, ஆம்புலன்ஸுக்கு 108. வெள்ளிக்கிழமைதோறும் ஒரே நபர் திறக்கட்டும். பல வாரம் காலியாகவோ கேலிப் படங்களோடோ இருக்கும். எங்கள் பெட்டியில் முதல் உண்மையான சீட்டு நவம்பரில்தான் வந்தது: "என் அண்ணன் மாத்திரை போடுறான். அவன அடிக்காம யாராவது பேசணும்." பெயர் இல்லை, வகுப்பு இல்லை. அடுத்த திங்கள்கிழமை எல்லா வகுப்புக்கும் போய், அந்த வாரம் தினமும் மதிய இடைவேளையில் ஓய்வறைக்கு வெளியே வேப்பமரத்தடியில் தனியாக உட்கார்ந்திருப்பேன் என்று மட்டும் சொன்னேன். புதன்கிழமை, சாப்பாட்டுத் தட்டைக் கையில் பிடித்தபடி, ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்று வந்து பக்கத்தில் உட்கார்ந்தது.